குறைந்த விலையில் நல்ல பவர் சப்ளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசைக் கணினி அசெம்பிள் செய்பவர்கள் பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, கடைசியில் மிச்சமிருப்பதில் ஒரு பவர் சப்ளையை (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி, எஸ்எம்பிஎஸ் என்பதும் இதுதான்) வாங்கிப் போடுவது வழக்கம். பணம் குறைவாக இருப்பது தவறல்ல. அந்தக் குறைவான பணத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதுதான் இங்கே விஷயம். என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே விலைக்கு உண்மையான 450 வாட்டும் பெயரளவில் 750 வாட்டும் கிடைத்தால், கண்ணை மூடிக்கொண்டு 450ஐ எடுங்கள்.

கேபினட்டோடு சேர்ந்தே ஒரு எஸ்எம்பிஎஸ் வந்திருக்கிறது. அதுவே போதாதா?

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் டைப்பிங், இணையம், கணக்கு வழக்கு என்று மட்டும் ஓடுகிற கணினி என்றால் பெரும்பாலும் ஓடும். ஆனால் விலை குறைந்த கேபினட்டில் இனாமாக வருகிற பவர் சப்ளைக்குத் தயாரிப்பாளர் எவ்வளவு செலவு செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அதில் முதலில் காணாமல் போவது உள்ளீட்டு வடிகட்டிகளும் பாதுகாப்புச் சுற்றுகளும்தான். கிராபிக்ஸ் கார்டு போடப் போகிறீர்கள் என்றால் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

எனக்கு எத்தனை வாட் தேவை?

கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதிகம் இழுப்பவை இரண்டுதான்: பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு. மற்றவை எல்லாம் சில்லறை.

ஒரு உதாரணம். இன்டெல் கோர் ஐ5 12400 பிராசஸரின் அடிப்படை அளவு 65 வாட். ஆனால் முழு வேகத்தில் 117 வாட் வரை போகலாம் என்று இன்டெலே சொல்கிறது. கணக்குக்கு எடுக்க வேண்டியது இந்த இரண்டாவது எண். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டுக்கு 115 வாட். இரண்டும் சேர்ந்து 232. மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஒரு ஹார்டு டிஸ்க், இரண்டு மூன்று விசிறிகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 60 போட்டால்கூட 300ஐத் தொடவில்லை. அதுவும் எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சுமுட்ட ஓடினால்தான். சாதாரண நாளில் இதில் பாதிகூட வராது.

இதற்கு ஒரு நல்ல 450 வாட் போதும். பிறகு பெரிய கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால் 550. ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று 750க்குப் போகத் தேவையில்லை. கூட்டுத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூடுதலாக வைத்துக்கொண்டால் விசிறியும் அமைதியாகச் சுற்றும், திடீர் இழுப்புகளையும் தாங்கும்.

பிராசஸர் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. டப்பாவில் 125 வாட் என்று போட்டிருக்கிற கோர் ஐ9 13900கே, முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். அந்த ரகத்தை வாங்குபவர் குறைந்த விலை பவர் சப்ளை தேட மாட்டார் என்றாலும், சொல்லி வைக்கிறேன்.

கார்டு தயாரித்த என்விடியாவே 4060க்கு 550 வாட் வேண்டும் என்கிறது. நீங்கள் 450 போதும் என்கிறீர்களே?

யார் எந்த பிராசஸரோடு, எந்த மட்டமான பவர் சப்ளையோடு அந்தக் கார்டை மாட்டப் போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் மோசமான நிலையை மனதில் வைத்து ஒரு எண்ணைச் சொல்கிறார்கள். ஸ்டிக்கரில் உள்ளபடி முழுதாகத் தருகிற பவர் சப்ளை உங்களிடம் இருந்தால் மேலே போட்ட கூட்டல் கணக்கை நம்பலாம். இல்லாவிட்டால் 550 என்று எழுதியிருந்தும் பயனில்லை. அதைக் கண்டுபிடிக்கிற வழி அடுத்த பதிலில்.

ஸ்டிக்கரில் என்ன பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒரு சின்ன அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் +3.3, +5, +12, -12, +5 எஸ்பி என்று வோல்ட் வரிசை, கீழே ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். இன்றைய கணினியில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டைத்தான். எனவே பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள வாட் எண்ணை மறந்துவிட்டு, 12 வோல்ட்டின் ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். வருவதுதான் உங்கள் கைக்கு வரும் வாட்.

‘500 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு மலிவுப் பெட்டியில் +12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர், +5 வோல்ட்டுக்கு 30, +3.3 வோல்ட்டுக்கு 28 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216. அவ்வளவுதான் விஷயம். மிச்ச வாட் எல்லாம் 5, 3.3 வோல்ட்டில் சும்மா கிடக்கிறது. இன்று அதைக் கேட்பார் இல்லை. 20 வருடங்களுக்கும் முன், பிராசஸர்கள் 5 வோல்ட்டிலிருந்து மின்சாரம் எடுத்த காலத்து வடிவமைப்பு அது. நல்ல 450 வாட் பவர் சப்ளை ஒன்றை எடுத்துப் பார்த்தால் +12 வோல்ட்டுக்கு 36 ஆம்பியர் மாதிரி இருக்கும். பெருக்கினால் 432. சொன்ன எண்ணுக்கு அருகில் வருகிறது, பாருங்கள்.

சில ஸ்டிக்கர்களில் 12வி1, 12வி2 என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டு ஆம்பியரையும் கூட்டிவிடாதீர்கள். கீழே ‘மொத்தம்’ என்ற பொருளில் ஒரு வாட் எண் தனியாகக் கொடுத்திருப்பார்கள், அதுதான் எல்லை. அந்த எண்ணே இல்லை, அல்லது அட்டவணையே இல்லை என்றால் அந்தப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, வெப்பநிலை. நல்ல தயாரிப்பாளர்கள் 40 அல்லது 50 டிகிரியிலும் முழு வாட் தரும் என்று விவரக்குறிப்பில் எழுதுவார்கள். 25 டிகிரியில்தான் முழு வாட் என்றால், ஓடிச் சூடான கேபினட்டுக்குள் அந்த வாக்குறுதி செல்லாது.

80 ப்ளஸ் முத்திரையில் எதை வாங்குவது? வெள்ளை, பிரான்ஸ், கோல்டு?

80 ப்ளஸ் என்பது 2004இல் தொடங்கிய சான்றிதழ் திட்டம். சுவரிலிருந்து இழுக்கிற மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கணினிக்குப் போகிறது, எத்தனை வெப்பமாக வீணாகிறது என்பதை மட்டும் அளக்கிறது. 20, 50, 100 சதவீதச் சுமைகளில் சோதிப்பார்கள். 115 வோல்ட் சோதனையில் சாதாரண வெள்ளைக்கு மூன்றிலும் 80 சதவீதம் வேண்டும். பிரான்ஸுக்கு 82, 85, 82. கோல்டுக்கு 87, 90, 87. அதற்கு மேல் பிளாட்டினம், டைட்டானியம். அவை குறைந்த விலைப் பேச்சுக்குள் வராது.

என் தேர்வு பிரான்ஸ். அந்தச் சோதனையில் தேறுகிற அளவுக்கு ஒரு தயாரிப்பு இருந்தால், உள்ளே இருக்கும் வடிவமைப்பு ரொம்பப் பழையதாக இருக்க வாய்ப்பு குறைவு. வெள்ளை முத்திரையிலும் சில நல்லவை உண்டு. ஆனால் தேடிப் பொறுக்க வேண்டும். சோதனை நடக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 23 டிகிரிதான் என்பதையும், பெட்டியின் மேல் வெறும் படமாக அச்சடித்த முத்திரைகளும் உலவுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். 80 ப்ளஸ் தளத்திலேயே சான்றிதழ் பட்டியல் இருக்கிறது. மாடல் எண்ணை அங்கே தேடிப் பார்த்துவிடலாம்.

சைபெனெடிக்ஸ் என்ற அமைப்பின் முத்திரையும் இப்போது பல பெட்டிகளில் வருகிறது. அவர்கள் திறனுக்கு ஒரு தரம், சத்தத்துக்குத் தனியாக ஒரு தரம் தருகிறார்கள். இரைச்சல் பிடிக்காதவர்களுக்கு அது உதவும்.

கோல்டு வாங்கினால் மின்கட்டணத்தில் காசு திரும்பி வந்துவிடும் என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கணினி 200 வாட் சாப்பிடுகிறது. 85 சதவீதத் திறனில் சுவரிலிருந்து சுமார் 235 வாட் இழுக்கும். 90 சதவீதத்தில் 222. வித்தியாசம் 13 வாட். தினமும் 5 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு ஏறக்குறைய 24 யூனிட். அதை உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்கி, கோல்டுக்குக் கொடுக்கிற கூடுதல் விலையோடு ஒப்பிடுங்கள். நாள் முழுக்க ஓடுகிற கணினி என்றால் வேறு கதை. மாலையில் மட்டும் ஓடும் வீட்டுக் கணினிக்கு மின்கட்டணத்தைக் காரணம் காட்டி கோல்டு வாங்க வேண்டாம்.

அப்போ கோல்டு என்றால் பாதுகாப்பானது என்றாவது நம்பலாமா?

அதுவும் இல்லை. திறனும் பாதுகாப்பும் வேறு வேறு. 2021இல் கிகாபைட் நிறுவனத்தின் பி750ஜிஎம், பி850ஜிஎம் மாடல்கள் சோதனையின்போதே வெடித்ததாகச் செய்தி வந்தது. இரண்டும் கோல்டு முத்திரை பெற்றவை. அதிகச் சுமை வந்தால் தன்னை நிறுத்திக்கொள்ளும் எல்லை 120 முதல் 150 சதவீதம் வரை மிகத் தாராளமாக வைக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கிகாபைட் அதை 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்ததாக அறிவித்து, குறிப்பிட்ட வரிசை எண் உள்ளவற்றை மாற்றிக் கொடுக்கவும் முன்வந்தது.

அந்தப் பாதுகாப்புகள் என்னென்ன? பெட்டியில் ஓவிபி, ஓசிபி என்று நிறைய இருக்கிறதே.

ஓவிபி வோல்டேஜ் ஏறினால் நிறுத்தும். யுவிபி இறங்கினால். எஸ்சிபி ஷார்ட் சர்க்யூட்டுக்கு, ஓபிபி மொத்த வாட் மீறினால், ஓசிபி ஒரு குறிப்பிட்ட வோல்ட் பாதையில் (3.3, 5, 12 போன்றவை) ஆம்பியர் மீறினால், ஓடிபி சூடு மீறினால். மலிவு ரகங்களில் பெரும்பாலும் விடுபடுவது இந்தக் கடைசி இரண்டும்தான். எல்லாம் இருந்தால் நல்லது. குறைந்தபட்சம் ஓடிபி இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் விசிறி நின்றுபோனால் காப்பாற்றுவது அதுதான்.

எந்த பிராண்டு வாங்கலாம்?

பிராண்டைவிட மாடல் வரிசை முக்கியம். பெட்டியில் பெயர் போடுகிற பலர் உள்ளே இருப்பதைத் தயாரிப்பதில்லை. சீசானிக், எஃப்எஸ்பி, சூப்பர் ஃபிளவர் போன்றவர்கள் தாங்களே தயாரித்துத் தங்கள் பெயரிலும் விற்கிறார்கள், மற்றவர்களுக்கும் செய்து கொடுக்கிறார்கள். சிடபிள்யூடி, கிரேட் வால், எச்இசி எல்லாம் பெரும்பாலும் பிறருக்குச் செய்து கொடுப்பவர்கள். கோர்செயர் மாதிரிப் பெரிய பெயர்கள் ஒவ்வொரு வரிசையையும் ஒவ்வொருவரிடம் செய்து வாங்குகின்றன. அதனால் ஒரே பிராண்டில் அருமையான வரிசையும் இருக்கும், சுமாரானதும் இருக்கும். அதே மாடல் பெயரில் உள்ளே இருப்பது சில வருடங்களில் மாறுவதும் உண்டு. ஆகவே மதிப்புரை தேடும்போது பிராண்டை மட்டும் போட்டுத் தேடாமல் முழு மாடல் எண்ணையும் போட்டுத் தேடுங்கள். திறந்து காட்டி, சுமை ஏற்றி, வோல்டேஜ் அலைவை அளந்த மதிப்புரையைத்தான் நம்ப வேண்டும். 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டுக்கு மேல் அலைவு இருக்கக் கூடாது என்பது ஏடிஎக்ஸ் வழிகாட்டியின் (பவர் சப்ளைகளுக்கு இன்டெல் வகுத்த வரையறை) எல்லை. பெட்டியைப் பிரித்துக் காட்டிவிட்டு ‘சூப்பர்’ என்று முடிப்பவர் எதையும் சோதிக்கவில்லை.

மதிப்புரையே இல்லாத மாடலா? வாரண்டியைப் பாருங்கள். 5 வருடம் தருபவர், அத்தனை வருடம் ஓடும் என்று தன் காசைப் பந்தயம் கட்டுகிறார். ஒரே வருடம் தருபவர் எதை எதிர்பார்க்கிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் சிவப்பாக ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது, 115, 230 என்று. அது என்ன?

அது இருந்தால் அந்த பவர் சப்ளையில் ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பழைய வடிவமைப்பு. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ளவற்றில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாமாகவே ஏற்றுக்கொள்ளும். உள்ளே வருகிற மின்சாரம் கொஞ்சம் இறங்கி ஏறினாலும் கவலைப்படாது. 230 வோல்ட் உள்ள இடத்தில் ஸ்விட்ச் 115இல் இருக்க பிளக்கைச் செருகினால், பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, கதை முடிந்தது. விளையாட்டுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தச் சிவப்பு ஸ்விட்ச்சே வேண்டாம்.

யூபிஎஸ் இருக்கிறது. ஏதாவது பார்க்க வேண்டுமா?

இரண்டு விஷயம். மின்சாரம் போய் யூபிஎஸ் பேட்டரிக்கு மாற சில மில்லிசெகண்டு ஆகும். அந்த இடைவெளியில் பவர் சப்ளை தன் கெபாசிட்டரில் சேர்த்து வைத்ததைக் கொண்டு ஓட வேண்டும். முழுச் சுமையில் 16 மில்லிசெகண்டு தாங்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் வழிகாட்டியில் வெகுகாலம் இருந்த அளவு. மலிவு ரகங்களில் இந்தக் கெபாசிட்டரைச் சின்னதாகப் போட்டுக் காசு மிச்சம் பிடிப்பார்கள். ‘யூபிஎஸ் இருந்தும் கரண்ட் போனால் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது’ என்று வருகிற புகார்களில் பல இதில்தான் முடிகின்றன.

இரண்டாவது, விலை குறைந்த யூபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது சுத்தமான சைன் அலை தருவதில்லை, படிக்கட்டு மாதிரி ஒரு அலையைத் தருகின்றன. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள சில பவர் சப்ளைகளுக்கு அது ஒத்துவராமல் அணைந்துவிடும். எல்லாவற்றிலும் இப்படி ஆகாது. வாங்கியதும் கணினியில் முக்கியமான வேலை எதுவும் திறந்திராத நேரத்தில் யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள்.

மாடுலர் கேபிள் (தேவையானதை மட்டும் செருகி, வேண்டாததைக் கழற்றி வைக்கும் வகை) அவசியமா?

இல்லை. கேபினட் உள்ளே பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். பட்ஜெட் இறுக்கம் என்றால் முதலில் வெட்ட வேண்டியதில் இதுவும் ஒன்று. வண்ண விளக்கு இன்னொன்று.

மாடுலர் வாங்கினால் ஒரு விஷயத்தில் கவனம்: ஒரு பவர் சப்ளையின் கேபிளை இன்னொன்றில் செருகாதீர்கள். மதர்போர்டு பக்கம் உள்ள முனைதான் எல்லாவற்றிலும் ஒன்று. பவர் சப்ளை பக்கத்து முனைக்குப் பொது அமைப்பு கிடையாது. அச்சாகப் பொருந்தும்; ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் எரிந்துவிடும். அதில் இருந்த படங்களும் கோப்புகளும் அதோடு போச்சு.

கனெக்டர்களில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

மதர்போர்டுக்கு 24 பின், பிராசஸருக்கு 4+4 பின், கார்டுக்கு எத்தனை 6+2 பின் (சேர்த்துச் செருகினால் 8 பின்) வேண்டுமோ அத்தனை. 6 பின் 75 வாட் வரை தரும், 8 பின் 150 வாட். மதர்போர்டு ஸ்லாட் வழியாக இன்னொரு 75 கிடைக்கும். உங்கள் கார்டுக்கு 8 பின் தேவை, ஆனால் 450 வாட் என்று சொல்லிக்கொள்கிற பவர் சப்ளையில் 8 பின்னே இல்லை என்றால், அந்த வாட் எண் மீதே சந்தேகப்படலாம்.

குறைகிற கனெக்டரை அடாப்டரால் ஈடுகட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. குறிப்பாக மோலெக்ஸிலிருந்து (பழைய 4 பின் முனை) சாட்டாவுக்கு (ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டிக்கான முனை) மாற்றும், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த முனை உள்ள அடாப்டர்கள் உள்ளேயே ஷார்ட் ஆகி எரிந்த கதைகள் நிறைய.

ஏடிஎக்ஸ் 3.0, 3.1 உள்ளதுதான் வாங்க வேண்டுமா?

நடுத்தரக் கார்டு வரைக்கும் கட்டாயமில்லை. 2020இல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்தபோது, அவை கண் இமைப்பதற்கும் குறைவான நேரத்தில் சொன்னதைவிட மிக அதிகமாக இழுத்ததால் நல்ல பவர் சப்ளைகள்கூட அணைந்தன. அதற்குப் பதிலாகத்தான் 2022இல் இன்டெல் ஏடிஎக்ஸ் 3.0 வரையறையைக் கொண்டு வந்தது. அதன்படி 100 மைக்ரோசெகண்டுக்கு இரண்டு மடங்கு வாட் இழுத்தாலும் தாங்க வேண்டும். அதோடு வந்த 16 பின் கார்டு கனெக்டர் சரியாக அமராமல் சில இடங்களில் உருகியதால், 3.1இல் அதைத் திருத்தினார்கள். ஒரே விலையில் பழையதும் 3.1உம் இருந்தால் 3.1ஐ எடுங்கள். அதற்காக உள்ளடக்கம் மட்டமான ஒன்றை எடுக்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

ராம், பிராசஸர் எல்லாம் பழையது வாங்கலாம். பவர் சப்ளையில் கெபாசிட்டர்கள் உலர்ந்துகொண்டே வரும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நல்ல வரிசை, வாரண்டி இன்னும் பாக்கி, பில்லும் கையில் இருக்கிறது என்றால் யோசிக்கலாம். தூக்கி எறிய வேண்டிய மலிவுப் புதியதா, மூன்று வருடம் ஓடிய நல்ல பழையதா என்று கேட்டால் நான் பழையதைத்தான் எடுப்பேன்.

டெல், எச்பி மாதிரி கம்பெனிக் கணினியில் வேறு பவர் சப்ளை போட முடியுமா?

கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். அவற்றில் பல மாடல்களில் மதர்போர்டு கனெக்டர் 24 பின்னாக இருக்காது, பெட்டியின் அளவும் ஏடிஎக்ஸின் 150 க்கு 86 மில்லிமீட்டர் முகப்பாக இருக்காது.

கணினி திடீர் திடீரென்று அணைகிறது. பவர் சப்ளைதான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளையாட்டு ஓடும்போது மட்டும், நீலத் திரை எதுவும் வராமல், பிளக்கைப் பிடுங்கியது போல அணைந்தால் சந்தேகம் அங்கேதான். 24 பின் கனெக்டரில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு கிளிப்பால் இணைத்து விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கும் சோதனையைப் பலர் சொல்வார்கள். அது பவர் சப்ளை உயிரோடு இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். சுமை ஏறும்போதுதான் குணம் தெரியும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரால் அளந்தால் 12 வோல்ட் பாதை 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். அளந்து பழக்கம் இல்லையென்றால் நண்பரின் பவர் சப்ளையை ஒரு நாள் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது எளிது. கேபிளையும் அவருடையதையே போடுங்கள்.

தூசி அடைத்திருக்கிறது. திறந்து துடைக்கலாமா?

வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கும் மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்தே காற்று அடித்தால் போதும்.

கேபினட்டில் மாட்டும்போது விசிறி மேலே பார்க்க வேண்டுமா, கீழேயா?

கேபினட்டின் அடியில் ஓட்டைகளும் தூசி வடிகட்டியும் இருந்தால் கீழே. இல்லாவிட்டால், அல்லது கேபினட் கம்பளத்தின் மேல் உட்கார்ந்திருந்தால், மேலே.